தாராவின் பின்னால் வந்த பூட்ஸ்

வீட்டுக்கு ஒருவனையாவது பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் மிச்சம் இருக்கிறவனுக்கு என்ன வேலை என்று யோசிக்கும் ஊர் ஆவாரம்பட்டு. பாலாற்றுக்குத் தெற்கே, வேலூர் வெயிலில் வதங்கிக் கிடக்கும் அந்த ஊரில் கதவிலக்கம் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. சுபேதார் வீட்டு வேப்பமரம், நாயக் வீட்டுச் சந்து, லான்ஸ் நாயக் வீட்டுக் கழிநீர்க் கால்வாய் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பதவி உண்டு. அப்படிப்பட்ட ஊரில், ஹவில்தார் கஜபதி வீட்டு முன்னால், ஒரு மாசி மாதத்துப் பகலில், எட்டு வருஷ சர்வீஸை முடித்துக்கொண்டு, மார்பையும் வயிற்றையும் சுற்றிய பச்சைப் பட்டியும் அதில் தைத்த நம்பருமாக வேனிலிருந்து இறங்கியது தாரா என்கிற பழுப்பு நிற லாப்ரடார் பெட்டை நாய். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தைச் சேர்ந்த நாற்பது பேர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததை மறந்து அட்டென்ஷனில் நின்றார்கள்.

தாரா கண்ணிவெடி மோப்பம் பிடிக்கும் நாய். கஜபதியின் ஒரே மகன் நாயக் பூபாலன்தான் ஆறு வருஷம் அதன் வாரைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நடந்தவன். போன ஐப்பசியில், வடக்கே ஒரு மலைச்சரிவில், தாரா சட்டென்று உட்கார்ந்தது; உட்கார்ந்தால் கீழே வெடி இருக்கிறது என்று பொருள். பூபாலன் கையை உயர்த்திப் பின்னால் வந்த பதினொரு பேரையும் நிறுத்தினான். பதினொரு பேரும் முழுசாகத் திரும்பினார்கள். அவன் காலுக்கடியில் இருந்த இன்னொன்றைச் சொல்வதற்குத்தான் யாருக்கும் நேரம் இல்லை.

அவன் பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். கஜபதியின் வீடு பழைய வீடு, நடை குறுகல், நுழைந்ததும் இடதுபக்கம் ஒடியும். எட்டுப் பேர் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தும் பெட்டி வாசற்படியைத் தாண்டவில்லை. கடைசியில் தெருவிலேயே பந்தலடியில் இரண்டு மணி நேரம் வைத்து, மாலை போட்டு, வானத்தைப் பார்த்துச் சுட்டு, அப்படியே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊரே தன் புருஷனை வீரன் என்றபோது பூபாலன் மனைவி அமுலு மறுத்துப் பேசவில்லை, வீரன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவளுக்குள் ஒரு முள் மட்டும் உட்கார்ந்துகொண்டது. பதினொரு மாதம் லீவுக்குக் காத்திருந்து வந்தவன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் போய்விட்டான். யார் என்ன ஆறுதல் சொன்னாலும் அவள் அந்த ஒரே வார்த்தையைத்தான் திருப்பிச் சொன்னாள்: "வூட்டுக்குள்ள வரலியே அவுரு."

நாயைத் தத்தெடுக்க மனுப் போட்டது கஜபதி. ஏழெட்டுக் கடிதம் எழுதி, எழுதிய ஒவ்வொன்றையும் அமுலுவுக்குப் படித்துக் காட்டி, நாயின் யூனிபார்ம் ஆகிய மார்ப்பட்டியோடுதான் அனுப்ப வேண்டும் என்று தனியாக ஒரு கடிதமும் எழுதி, வரவழைத்துவிட்டார். தாராவைக் கூட்டிவந்த சிப்பாய் தனஞ்செயன் குடியாத்தம் பக்கத்துப் பையன், பூபாலனிடம் வேலை கற்றவன். சாப்பிட்டுவிட்டு அவசரமாக மறு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டான். அவன் போனதும் கஜபதி வீட்டில் உள்ளவர்களுக்கு, அதாவது அமுலுவுக்கும் ஏழு வயதுப் பேத்தி இந்துமதிக்கும், அன்றைய ஆர்டரைப் போட்டார்.

"இது அதோட யூனிபார்ம். எட்டு வருஷம் மானமா போட்டுகினு நின்னது. யாரும் அவுக்கக் கூடாது. குளிப்பாட்டினாக்கூட சுத்தி சுத்தித்தான் தேய்க்கணும். புரிஞ்சிதா?"

புரிந்தது. நூறு வருஷமாக யூனிபார்மை மடித்து வைப்பதில்கூட மந்திரம் சொல்லும் பயபக்தி உள்ள ஊரில் அது யாருக்குத்தான் தப்பாகத் தோன்றும்? ஊரே சரி என்றது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தாரா தானாகவே எழுந்து தெருவில் இறங்கியது. மூக்கைத் தரையோடு வைத்து, இடதும் வலதுமாக வளைந்து வளைந்து, மாரியம்மன் கோயில் வரை போய், பள்ளிக்கூடத்து மைதானத்தைச் சுற்றி, டீக்கடை பெஞ்சுக்கு அடியில் சோதித்துவிட்டு, வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது. அமுலு துடைப்பத்தோடும் வாளியோடும் வெளியே வந்து பார்த்தபோது, செம்மண் தெருவில் நாயின் கால்தடம் போன வழியெல்லாம், அதற்கு இரண்டடி பின்னால், ஒன்பதாம் நம்பர் பூட்ஸ் தடம் வந்திருந்தது. வலது தடம் நேராக இருந்தது. இடது தடம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று அமுலு தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்ததால் பூபாலனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் பாதங்களைத்தான் பார்த்தாள். இடது கால் மட்டும் வாசற்பக்கம் திரும்பியிருக்க, இவன் காப்பி வருவதற்குள் ஓடிவிடுவான் போலிருக்கிறதே என்று நினைத்தவள் அவள். ஆகவே அவள் யாரையும் கூப்பிடவில்லை, கத்தவில்லை, மயங்கி விழவுமில்லை. வாளியை வைத்துவிட்டு, தடத்தின் மேல் தண்ணீர் படாமல் ஒதுக்கி ஒதுக்கி வாசல் தெளித்து, கடைசித் தடம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். வாசற்படிக்கு ஒரு முழம் வெளியே, இரண்டு குதிகாலும் சேர்ந்து, நின்றிருந்தது. படிமேல் ஒன்றும் இல்லை. உள்ளே நடையில், கூடத்தில், அடுப்படியில், குனிந்து குனிந்து தேடினாள், ஒன்றும் இல்லை.

கஜபதி இஞ்ச் டேப்போடு வந்து அளந்து பார்த்தார். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் முப்பது அங்குலம், பட்டாளத்து அணிநடையின் கணக்கு. "என் புள்ளதான்," என்றார். "அடி மாறல பாரு." சொல்லிவிட்டு அங்கேயே தெருவில் சப்பணமிட்டு உட்கார்ந்து அழுதார். அமுலு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று அந்த வீட்டில் பத்து மணிக்குத்தான் அடுப்பு எரிந்தது.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சங்கம் கொடிமரத்தடியில் அவசரக் கூட்டம் போட்டது. நடப்பது எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, ஆவாரம்பட்டில் அது ஒரு கேள்வியே இல்லை. நடப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பதுதான் இரண்டு மணி நேரச் சண்டை.

"லீவுல வந்துகீறான்னு வெச்சிக்குவோம்," என்றார் டீக்கடை முனிரத்தினம், அவரும் மாஜி சிப்பாய்தான். "லீவு முடிஞ்சதும் திரும்பிப் பூடுவானா?"

"லீவுல வந்தவன் எவன்யா விடிகாலைல பூட்ஸ மாட்டிகினு ஊரச் சுத்துறான்?" என்றார் சங்கத் தலைவர் சுபேதார் மேஜர் தாமோதரன். "இது டியூட்டி."

"டியூட்டின்னா ஆர்டர் யாரு குடுத்தது?"

"நாயி குடுத்தது."

அந்தப் பதிலே போதுமென்று, நாயக் பூபாலன் ஆவாரம்பட்டில் தற்காலிகப் பணியில் இருப்பதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு ஊர் அந்தத் தடங்களைத் தன் நடைமுறையில் எங்கெங்கே பொருத்தலாமோ அங்கங்கே பொருத்திக்கொண்டது. சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள், ஆடு ஓட்டுகிறவள் ஆட்டைப் பின்சந்தில் திருப்பினாள், குப்பை கூட்டுகிறவர் தெருவின் நடுவே ஒரு முழ அகலத்தை விட்டுவிட்டுக் கூட்டினார். முனிரத்தினம் தினமும் ஒரு கிளாஸ் டீயைப் பெஞ்சின் ஓரத்தில் வைப்பார், ஆறியதும் சுற்றுமுற்றும் பார்த்துத் தானே குடித்துவிடுவார். ஆள் எடுப்புக்கு ஓட்டம் பழகும் பையன்கள் விடிகாலையில் தடத்தின்மேல் காலை வைத்துப் பார்த்துவிட்டு ஓடினார்கள். தேறியவன் எல்லாம் பூட்ஸின் மகிமை என்றான், தேறாதவன் எல்லாம் எனக்குக் கால் பத்தாம் நம்பர், பொருந்தவில்லை என்றான். வாக்காளர் பட்டியலிலிருந்து பூபாலன் பெயரை நீக்க வந்த மனிதர் தெருவில் தடத்தைப் பார்த்தார், கஜபதியின் முகத்தைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஒரு மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். தெருவுக்கு சிமென்ட் போட வந்த கான்ட்ராக்டரைப் பெண்களெல்லாம் சேர்ந்து பக்கத்துத் தெருவுக்கு விரட்டிவிட்டார்கள். இந்துமதி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது தடத்தோடு தடமாக நடந்துபோய், கோயில் வந்ததும், "வரேன் நைனா" என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள்.

ஊர் இப்படி மார்தட்டிக்கொண்டிருந்தபோது அமுலு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

தாரா படுப்பதே இல்லை. வாசற்படியை ஒட்டி உட்கார்ந்தபடியே கண் அசரும், ஒரு காகம் கத்தினால் எழுந்துவிடும். இந்துமதி உருட்டிவிட்ட பந்தை ஒரு தரம் முகர்ந்து, ஆபத்தில்லை என்று முடிவு செய்து, திரும்பிக்கொள்ளும். குரைத்து யாரும் கேட்டதில்லை. சோற்றில் கறித்துண்டு போட்டு வைத்தாலும் நாலு வாய் தின்றுவிட்டு, வேலை கெட்டுப்போகிறது என்பது போல எழுந்து போய்விடும். வைகாசிக்குள் விலா எலும்பு தெரிந்தது. ஆனியில் பின்னங்கால் ஒன்று இழுத்தது. ஒருநாள் தேய்த்துவிடும்போது அமுலு பட்டிக்கடியில் விரலை நுழைத்துப் பார்த்தாள். மயிர் உதிர்ந்து தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. நாய் முனகக்கூட இல்லை, அவள் கையை முகர்ந்துவிட்டு எதிர்வீட்டுச் சுவரைச் சோதிக்கப் போய்விட்டது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டார், மருந்து தடவினார், வேறு ஒன்றுமில்லை என்றார். ஆடி மாதக் கடைசியில் தனஞ்செயன் போன் பண்ணினான்.

"அண்ணி, தாரா எப்டி கீது? நல்லா வெளாடுதா?"

"எங்க வெளாடுது? சோறுகூட சரியா துன்றதில்ல. ராவெல்லாம் குந்திகினே கீது."

"பட்டிய அவுத்துட்டீங்க இல்ல?"

"இல்லியே. மாமா அவுக்கக் கூடாதுன்ட்டாரு."

"ஐயோ அண்ணி," என்றான் தனஞ்செயன். "தப்பு என் மேல, சொல்லாம வந்துட்டேன். பட்டி மேல இருந்தா டியூட்டின்னுதான் அதுக்குத் தெரியும். குட்டியில இருந்து அப்டித்தான் பழக்குறது. வேலை முடிஞ்சி பட்டிய அவுத்தாத்தான் அது நாயி, அது வரைக்கும் சிப்பாய். ஆறு மாசமா டியூட்டில கீது அண்ணி அது. அண்ணன் சொல்லுவாரு, பட்டிய அவுக்காம நானும் நவுர மாட்டேன், அதுக்கு முடிஞ்சாத்தான் எனக்கும் முடியும்னு."

அமுலு போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். தாரா உட்கார்ந்திருந்தது. அதற்கு இரண்டடி பின்னால், படிக்கு ஒரு முழம் வெளியே, காலையில் வந்து நின்ற தடம் அப்படியே இருந்தது. நாய் உட்கார்ந்திருக்கும் வரை அவனும் நிற்கிறான். ஆறு மாதமாக, வெயிலிலும் மழையிலும், சொந்த வீட்டு வாசலில், உட்காரக்கூட முடியாமல். பட்டியை அவிழ்த்தால் நாய் பிழைக்கும், அவனும் போய்விடுவான். அவிழ்க்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் வருவான். நாய் செத்துப்போகும், அதன்பிறகும் அவன் போய்விடத்தான் போகிறான். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் அவளால் அன்று கையை நீட்ட முடியவில்லை. தடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல், உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி மாலை, பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடக்கப்போகும் அணிவகுப்புக்காகக் கஜபதி தாராவின் பட்டிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். புண்ணைக் காட்டினாள், தனஞ்செயன் சொன்னதைச் சொன்னாள். கிழவர் பாலிஷ் டப்பாவை மூடவில்லை.

"நாளைக்கு ரிடையர் ஆன கர்னல் சாப் ஒருத்தரு வராரு. தாராதான் முன்னால போவணும். எம்புள்ள பின்னால நடக்கறத அவுரு பாக்கணும்."

"மாமா, கால் இழுக்குது."

"ஜுரத்தோட நூறு கிலோமீட்டரு நடந்தவன் நானு."

"நடந்தீங்க. முடிஞ்சதும் பூட்ஸ அவுத்து வீசிட்டுப் படுக்கல? ரிடையர் ஆயி வந்த அன்னிக்கி யூனிபார்மோடயா தூங்கினீங்க?"

"அவுத்தா அவன் பூடுவான்டி!" என்று கத்தினார் கஜபதி. மருமகளை அவர் டி போட்டது பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பிறகு துணியை எடுத்து மறுபடி பட்டியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை. முந்தின இரவு ஒரு மழை பெய்து மைதானத்து மண் பதமாக இறுகியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்கள் கயிற்றுக்கு அப்பால் ஒரு பக்கம், மெடல்களைக் குத்திக்கொண்ட நூற்றிருபது மாஜி சிப்பாய்கள் மூன்று வரிசையில், பந்தலடியில் கர்னல். கொடி ஏறியது. கஜபதி வாரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தள்ளி நடக்க, தாரா மூக்கைத் தரையில் வைத்தபடி முன்னே போனது, அதற்கு இரண்டடி பின்னால் ஈர மண் ஒவ்வொரு தடமாக அழுந்தி அழுந்தி, யாருமில்லாத இடத்தில் ஒன்பதாம் நம்பர் பூட்ஸ் நடந்துபோனது. கர்னல் எழுந்து நின்று சல்யூட் அடித்தார், கையை இறக்கவில்லை.

பாதி மைதானத்தில் தாராவின் பின்னங்கால் மடங்கியது. விழுந்தது. எழுந்தது. நாலடி போய் மறுபடி விழுந்து, வயிற்றை மண்ணில் இழுத்துக்கொண்டு, மூக்கை மட்டும் நிமிர்த்தாமல், இடதும் வலதுமாகச் சோதித்துக்கொண்டே நகர்ந்தது. பின்னால் பூட்ஸும் நின்றது, காத்திருந்தது, ஓரடி வைத்தது, மறுபடி நின்றது.

அமுலு கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினாள். பெண்கள் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று ஒரு வழக்கம் அந்த ஊரில் இருந்தது, அன்றோடு அது போயிற்று. ஓடிப்போய் நாயின் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்துக்கடியில் இருந்த முதல் கொக்கியை அவிழ்த்தாள். வயிற்றுக்கடியில் இருந்த இரண்டாவது கொக்கியை அவள் தொடுவதற்குள் கஜபதியின் கை அதன்மேல் விழுந்து மூடிக்கொண்டது.

"வாணாம்மா," என்றார். நூற்றிருபது பேருக்கு நடுவில், மெடல் குத்திய சட்டையில், பிச்சை கேட்கிறவர் போலக் கேட்டார். "அமுலு, எனக்கு அவன் ஒருத்தன்தான்."

"எனக்கும் ஒருத்தர்தான் மாமா." அவளுக்கும் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. "உங்க புள்ளைய இன்னும் எத்தினி நாளு வாசல்லயே நிக்க வெப்பீங்க? கால் வலிக்காதா அவருக்கு? எல்லாரும் டியூட்டி முடிச்சி வூட்டுக்கு வராங்க. அவருக்கு மட்டும் முடிச்சி வெக்க ஆளில்லியா இந்த ஊர்ல?"

கஜபதி நாயைப் பார்த்தார். நாய் அவர் முழங்காலை முகர்ந்து, ஆபத்தில்லை என்று கண்டு, தாண்டிப் போக முயன்றுகொண்டிருந்தது. பின்னால் இருந்த தடத்தைப் பார்த்தார். கொக்கியை அவர்தான் அவிழ்த்தார். பட்டி கழன்று மண்ணில் விழுந்தது. அப்புறம் எழுந்து, குதிகாலைச் சேர்த்து, எழுபத்திரண்டு வயசுத் தொண்டையில் இருபத்தைந்து வயசுக் குரல் எங்கே ஒளிந்திருந்ததோ, மைதானத்துச் சுவரில் மோதித் திரும்பும்படி, அணிவகுப்பைக் கலைக்கும் கட்டளையைக் கொடுத்தார்.

"பரேட்! விசர்ஜன்!"

அந்தக் குரலுக்குக் கட்டுப்படாத உடம்பு அந்த ஊரில் இல்லை. மூன்று வரிசையும் ஒரே உடம்பாக வலதுபக்கம் திரும்பியது, சல்யூட் அடித்தது, பந்தலில் இருந்த கர்னலும் தன்னை மறந்து வலதுபக்கம் திரும்பிவிட்டார்.

தாரா நின்றது. உடம்பை ஒரு தரம் காதிலிருந்து வால் வரை உதறியது. தன் முதுகில் என்ன குறைகிறது என்று திரும்பிப் பார்த்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் நீட்டி, வாயைப் பிளந்து ஒரு நீளக் கொட்டாவி விட்டு, அப்படியே மல்லாந்து விழுந்து, நாலு காலையும் ஆகாயத்தில் உதைத்துக்கொண்டு ஈர மண்ணில் புரண்டது. புரண்டு எழுந்து, ஆவாரம்பட்டு முதன்முதலாகக் கேட்கும்படி, குரைத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். பெரியவர்கள் யாரும் கைதட்டவில்லை, எல்லோர் கண்ணும் மண்ணில் இருந்தது.

கடைசி இரண்டு பூட்ஸ் தடமும் குதிகால் சேர்ந்து, வலதுபக்கம் திரும்பி, நின்றிருந்தன. அவ்வளவுதான். அதற்கு அப்பால் வெறும் மண். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று, வெறும் மண்ணாகவே இருந்தது. முனிரத்தினம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். யாரோ ஒரு பெண் விம்மினாள். அமுலு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நான் சரியாகத்தான் செய்தேன், சரியாகத்தான் செய்தேன் என்று அதன் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள், அது அதற்கா தனக்கா என்று அவளுக்கே தெரியாது.

"எம்மா," என்றாள் இந்துமதி. எப்போது கயிற்றைத் தாண்டி வந்தாளோ, அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். "எம்மா, நைனா பூட்ஸ் அவுத்துட்டாரு."

பூட்ஸ் தடத்துக்கு முன்னால் மண் மெதுவாக அழுந்தியது. ஐந்து விரலும் தனித்தனியாக, குதிகால் உருண்டையாக, ஒரு வெறுங்கால். பக்கத்தில் இன்னொன்று. ரொம்ப நாள் கட்டிப்போட்டிருந்த விரல்களை விரித்து மண்ணின் குளிர்ச்சியைப் பார்ப்பது போல இரண்டும் கொஞ்சம் புதைந்து நின்றன. பிறகு நடந்தன. முப்பது அங்குல நடை இல்லை அது, ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒரு தினுசும் இல்லாத ஊர்நடை. நாலடி போனதும் ஓட்டமாயிற்று. தாரா குரைத்துக்கொண்டு முன்னால் ஓட, அந்த வெறுங்கால் பின்னால் ஓட, அதன் பின்னால் அமுலு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட, கஜபதி, இந்துமதி, மூன்று வரிசையும் குழம்பிய நூற்றிருபது பேர், பெண்கள், பிள்ளைகள், எல்லோருக்கும் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி கர்னல் என்று மைதானமே எழுந்து ஓடியது. கோயிலைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ஆறு மாதமாக ஊர் ஒதுங்கி ஒதுங்கிப் போன அந்த ஒரு முழ அகலத்தின் மேலேயே இன்று ஊர் முழுக்க மிதித்துக்கொண்டு ஓடியது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வாசலில் கால்தடம் நிற்கவே இல்லை. படியில் ஈரச் செம்மண்ணோடு ஒரு பாதம். நடையில் ஒன்று. இடதுபக்கம் ஒடியும் இடத்தில், பெட்டி திரும்ப முடியாத அந்த மூலையில், அநாயாசமாக ஒன்று. கூடத்துச் சிமென்ட் தரையில் வரிசையாக, சிவப்பாக, அடுப்படி வரைக்கும். வீட்டுக்குள் ஆண்பிள்ளைகள் பூட்ஸோடு நுழையக் கூடாது என்று, ராணுவத்துக்கு மேல் ஒரு ராணுவமாக, அந்த வீட்டில் சட்டம் வைத்திருந்தவள் அமுலுதான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பாதமும் அடுப்புக்குப் பக்கத்தில், அவள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு எதிரே, அவளைப் பார்த்து நின்றிருந்தன.

"வாங்க," என்றாள்.

தாரா தண்ணீர்க் குண்டானில் பாதியைக் குடித்து முடித்து, அமுலு வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் நக்கி, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் குறுக்கே, போகிறவர் வருகிறவர் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி, பக்கவாட்டில் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தது. இந்துமதி அதன் வயிற்றில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

வெளியே கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே எட்டிப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. கடைசியில் சுபேதார் மேஜர் தாமோதரன்தான், கொஞ்சம் கனைத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்ற கஜபதியிடம் கேட்டார்.

"இன்னா ஹவில்தார், பூட்டானா?"

கஜபதி தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார், திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டார், நெஞ்சை நிமிர்த்தி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"எங்க பூடுவான்? வூட்டுக்குள்ள கீறான்."

கர்னல் உட்பட அத்தனை பேரும் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்கைகளெல்லாம் பறந்துபோயின. உள்ளே தாரா மட்டும் எழுந்திருக்கவில்லை.